கை நின்றால் வரி நகரும்

அலுவலகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொன்னார்கள். ஒருநாள் தொலைபேசியை எடுத்து அவளே "ஆமாங்க, ரேடியோதான் பேசறேன்" என்றதும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

பெயருக்குக் காரணம் அவள் ஹெட்போன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரல் அதிலிருந்து கசிந்து பக்கத்து மேஜை வரை கேட்கும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர்களுக்கு அது பேச்சாகவே தோன்றாது. தகரக் கூரையில் கல்மழை விழுவது போலிருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "உங்க ஹெட்போன் ரிப்பேர் போல" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கல்லூரியில் படிக்கும்போதே பார்வை மங்கத் தொடங்கியது. படிப்பு முடிவதற்குள் முழுதாகப் போய்விட்டது. அந்தக் காலத்தில் பாடப்புத்தகத்தையும் நிரல்களையும் உரக்கப் படித்துக் காட்டியவன் அவள் தம்பி. ஒன்றும் புரியாமலே கமா, அடைப்புக்குறி, அரைப்புள்ளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவான். ஒரு புள்ளியை விட்டுவிட்டாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். "உனக்குப் படிச்சுக் காட்டித்தான் என் படிப்பு போச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான். "உன் படிப்பு போனதுக்கு நான் காரணமில்லடா, அது கிளம்பவே இல்ல" என்பது அவள் பதில்.

அந்தத் தம்பி இப்போது படகுத்துறையில் ஆறாம் கேட்டின் பொறுப்பாளர். அந்தத் துறையின் கேட்டுகளை எல்லாம் ஓட்டும் மென்பொருளை எழுதும் அலுவலகத்தில் அக்கா. இவள் எழுதுவதை அவன் நம்புகிறான். அவன் சொல்லும் குறைகளை இவள் திட்டிக்கொண்டே சரிசெய்கிறாள்.

ஆற்றின் இரு கரைக்கும் நடுவே காலை மாலை பெருங்கூட்டம் படகில் போய் வரும். படகு வந்து நிற்கும் இடத்தில் சங்கிலிகளால் கட்டிய ஒரு பெரிய மேடை தண்ணீரில் மிதக்கும். அதை மிதவை என்பார்கள். மிதவைக்குள் போக ஒரு சுழல் கேட். சீட்டைக் காட்டினால் கேட் ஒருமுறை சுற்றும். கணக்கில் ஓர் ஆள் ஏறும். மிதவை தாங்கும் அளவு வந்ததும் கேட் சிவப்பு விளக்குப் போட்டு இறுகிக்கொள்ளும். எத்தனை பேர் வரை விடலாம் என்ற எண் ஒரு ஃபைலில் இருக்கிறது. ஒவ்வொரு கேட்டுக்கும் நான்கு வரி: பெயர், நிலை, அளவு, பொறுப்பாளர். கேட்டுகள் வரிசையாக ஒன்றின்கீழ் ஒன்று. எண்களைத் தவிர மற்றபடி ஒன்றைப்போலவே மற்றொன்று.

கண் உள்ளவர்களுக்குக் கர்சர் என்பது திரையில் மினுக்கும் ஒரு கோடு. தொலைந்துபோனால் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். ரேடியோவுக்கு அதுதான் கால். அவள் நிற்கும் வரி மட்டும்தான் அவளுக்கு உலகம். அம்பு விசையைத் தட்டினால் அடுத்த வரி காதில் விழும். தட்டாவிட்டால் எதுவும் விழாது. கர்சரை யாராவது இழுத்து வேறு இடத்தில் போட்டால், தூங்கும்போது கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் நடுத்தெருவில் வைத்த கதைதான்.

அப்படி இழுத்துப் போட்டது துடைப்பம்.

துடைப்பத்தை எழுதியவன் குழுத் தலைவன். வயதில் அவளைவிடச் சின்னவன். மடிப்புக் கலையாத சட்டையில் தினமும் பெண் பார்க்கப் போகிறவன்போல் வருவதால் அவனை மாப்பிள்ளை என்பார்கள். எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக் குவித்திருந்த ஃபைல்களைத் தானாகவே சீர்படுத்த அவன் நிரல் எழுதும் எடிட்டருக்குள் ஒரு கருவி எழுதி வைத்தான். விசைப்பலகையில் கை சற்று நின்றால் அது வேலையைத் தொடங்கும். கோணலான வரியை நேராக்கும், பழைய சொல்லை மாற்றும், விட்டுப்போன வரியைச் சேர்க்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யாது. ஒவ்வொரு முறை கை நிற்கும்போதும் கொஞ்சம் பெருக்கும்.

வந்த முதல் நாளே ரேடியோ கத்தினாள்.

"மாப்பிள்ளை, உங்க துடைப்பம் என்னையும் சேர்த்துப் பெருக்குது. ஃபைலோட கடைசில கொண்டுபோய்க் கொட்டுது."

"சாரி அக்கா. நான் கவனிக்கவே இல்ல. கண்ணால பாத்துத் திரும்பி வந்துடறோம்ல, அதான்."

"என்கிட்ட அது ஸ்டாக் இல்லையே."

மாப்பிள்ளை மறுநாளே திருத்தினான். பெருக்க ஆரம்பிக்கும் முன் கர்சர் எந்த வரியில் இருக்கிறது என்று துடைப்பம் குறித்துக்கொள்ளும். முடித்ததும் அதே வரியில் கொண்டுவந்து வைத்துவிடும். "எத்தனாவது வரில இருந்தீங்களோ, கரெக்டா அதே வரி. தொட்டதே தெரியாது" என்றான். அவள் சோதித்துப் பார்த்தாள். அன்றைக்கு அவள் எடுத்த ஃபைலில் துடைப்பம் எழுத்துகளைத்தான் மாற்றியது, வரிகளைக் கூட்டவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். "பரவாயில்ல, மாப்பிள்ளைக்கு வேலை தெரியுது" என்று சான்றிதழும் கொடுத்தாள்.

கேட்டுகளின் ஃபைலுக்கு அந்த வாரம்தான் துடைப்பத்தை அனுமதித்தார்கள். அதற்குள் காற்று வந்துவிட்டது.

ஆற்றில் பலத்த காற்று வீசும் என்று மதியமே அறிவிப்பு. அலுவலகங்களையும் பள்ளிகளையும் சீக்கிரம் விட்டார்கள். படகை நிறுத்தப்போகிறார்கள் என்று யாரோ சொல்ல, கடைசிப் படகைப் பிடித்துவிட வேண்டும் என்று நகரமே படகுத்துறைக்கு ஓடியது. கூட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் இருப்பவனுக்கு என்ன நடக்கிறது என்று பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. தெரியாததாலேயே தள்ளுவான்.

அன்று அவசர அழைப்புகளைக் கவனிக்கும் முறை ரேடியோவுக்கு. மாப்பிள்ளை மேல்மாடியில் ஏதோ கூட்டத்தில் இருந்தான். தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, ஆறாம் மிதவைல ஒரு சங்கிலி அறுந்துபோச்சு. ஒரு பக்கம் சாயுது. இன்ஜினியர் வந்து பாத்துட்டார். பாதி ஆளுக்கு மேல விடக்கூடாதுங்கறார்."

"உங்க ஆபீஸ் திரைலேயே குறைக்கலாமேடா."

"அதுல அவ்வளவு கீழ இறக்க விட மாட்டேங்குது. நீதான் ஃபைல்ல மாத்தணும். சீக்கிரம்."

"இரு, மாத்தறேன்."

ஃபைலைத் திறந்தாள். தேடினாள். 'பெயர், கேட் ஆறு' என்றது காதில் குரல். கீழ் அம்பு. 'நிலை, திறப்பு.' மீண்டும் கீழ் அம்பு. 'அளவு, இருநூறு.' இடத்தைப் பிடித்துவிட்டாள். நூறு என்று அடிக்க விரலைத் தூக்கும்போது ஃபோன் மறுபடி அடித்தது.

"அக்கா, பாதியும் வேண்டாமாம். அறுபது போடச் சொல்றார். அறுபது. கேக்குதா? இங்க ஒரே சத்தம்."

"கேக்குதுடா. அறுபது. நீ எங்க நிக்கிறே?"

"கேட்டுலதான். கையால மறிச்சுக்கிட்டிருக்கேன். நீ குறைச்சதும் சொல்லு, நான் அந்தப் பக்கம் போய்ச் சங்கிலியைப் பிடிக்கணும். அங்க ஆள் பத்தல."

பேச்சு அவ்வளவுதான். ஆனால் பேசிய நேரம் முழுக்க அவள் கை சும்மா இருந்தது.

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வரியை அழித்துப் புதிதாக அடித்தாள். 'அளவு, அறுபது' என்று குரல் திருப்பிச் சொன்னது. சேவ் செய்தாள். ஃபைல் ஏற்கப்பட்டது, பிழை எதுவுமில்லை என்ற மணி ஒலித்தது.

"குறைச்சாச்சுடா."

"சரி, வச்சிடறேன்."

தம்பி கேட்டை விட்டு நகர்ந்தான். அக்கா சொல்லிவிட்டாள், இனிக் கேட் பார்த்துக்கொள்ளும்.

ரேடியோ நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடிக் கீழே வைக்கும்போது மூன்றாவது அழைப்பு.

"அக்கா, நிஜமா குறைச்சியா?"

"குறைச்சேனே."

"கேட் பச்சையாவே இருக்கு. உள்ள அறுபதைத் தாண்டி எவ்வளவோ ஆயிடுச்சு. வந்துக்கிட்டே இருக்காங்க."

"கேட்டுக்குப் போய்ச் சேர கொஞ்ச நேரம் ஆகும்டா."

"அஞ்சாம் கேட்டு எதுக்குச் சிவப்பு போட்டுச்சு? அங்க மிதவை நல்லாத்தானே இருக்கு? அங்க நின்ன கூட்டம் பூரா இங்க ஓடி வருது அக்கா!"

மேல் அம்பைத் தட்டினாள். 'நிலை, திறப்பு.' இன்னொரு தட்டு.

'பெயர், கேட் ஐந்து.'

கர்சர் எங்கும் போகவில்லை என்பதுதான் அதிலிருந்த கொடுமை. அவள் நின்றது இருபத்து மூன்றாவது வரி. அப்போது அது ஆறாம் கேட்டின் அளவு. தம்பியோடு பேசிக்கொண்டிருந்தபோது துடைப்பம் ஒவ்வொரு கேட்டுக்கும் தேதி என்று ஐந்தாவதாக ஒரு வரியைச் சேர்த்தது. மேலே ஐந்து கேட்டுகள், ஐந்து வரிகள். ஆறாம் கேட் அப்படியே கீழே இறங்கிவிட்டது. முடித்த துடைப்பம் வாக்குத் தவறாமல் அவளை அதே இருபத்து மூன்றாவது வரியில் நிறுத்தியது. இப்போது அது ஐந்தாம் கேட்டின் அளவு. கண்ணுள்ள யாராக இருந்தாலும் திரையில் எழுத்துகள் சரிந்து இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். கர்சர் நகராததால் அவள் காதுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

இதெல்லாம் பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கு. அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நல்ல மிதவையை மூடிவிட்டாள். உடைந்த மிதவைக்கு ஊரையே அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அதன்மேல் தம்பி நிற்கிறான்.

"கேட்டுக்குப் போடா! மறி! ஆறு குறையல!"

"குறைச்சாச்சுன்னு சொன்னியே!"

"தப்பு நடந்துபோச்சு. போ!"

"அவசரப் பட்டனை அழுத்தட்டுமா?"

"தொடாதே! எல்லாக் கேட்டும் திறந்துக்கும்."

தீப்பிடித்தால் மக்கள் வெளியேற வைத்த பொத்தான் அது. அடைக்கத் தெரியாது, திறக்க மட்டும்தான் தெரியும்.

"மாப்பிள்ளை!" என்று அவள் போட்ட கூச்சல் மேல்மாடி வரை கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தவன் அவள் திரையைத் தட்டி எழுப்பினான். அவள் திரை எப்போதும் அணைந்தே இருக்கும்; அவளுக்கு அதனால் என்ன பயன்?

"ஆறுல போடச் சொன்னாங்க, அஞ்சுல விழுந்திருக்கு. நான் ஆறுலதான் நின்னேன். காதால கேட்டேன்." சொல்லிக்கொண்டே தேடினாள். 'பெயர், கேட் ஆறு.' கீழே. கீழே. 'அளவு, இருநூறு.' "இப்போ ஆறுல நிக்கிறேன். பாத்துச் சொல்லுங்க."

"ஆமா, ஆறுதான்."

ஃபோனில் தம்பி ஏதோ கத்தினான். அவள் கையை எடுத்து ஃபோனைக் காதோடு அழுத்தினாள். "என்னடா?"

"அக்கா!" என்று மாப்பிள்ளை பாதிக் குரலில் சொன்னான். "நகந்துடுச்சு."

"எது? கர்சரா?"

"கர்சர் அங்கேயேதான் இருக்கு. மத்ததெல்லாம் நகந்துடுச்சு. கேட்டுக்குக் கேட்டு நடுவுல வெத்து வரி போடுது. நீங்க கையை எடுத்ததும் எல்லாம் கீழ இறங்குது."

அவளுக்கு அது போதும். "உங்க துடைப்பம் ஆறைப் பிடிச்சுக்கல. நம்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

மாப்பிள்ளையின் முகம் போன போக்கை அவள் பார்க்கவில்லை. "ஐயோ" என்று மூச்சுக்குள் சொன்னது மட்டும் கேட்டது.

"ஐயோவை அப்புறம் வச்சுக்கலாம். இதை நிறுத்துங்க."

"எடிட்டரை மூடித் திறந்தாத்தான் நிக்கும். உங்க குரல் மறுபடி கிளம்பி வர நேரமாகும்..."

"உங்க மெஷின்ல திறங்க."

"ஃபைல் உங்க பேர்ல பூட்டியிருக்கு அக்கா. தள்ளுங்க, நானே அடிக்கிறேன்."

அவள் தள்ளவில்லை. அந்த விசைப்பலகையில் பாதி விசைகள் அவள் குரலுக்கான கட்டளைகள். மாப்பிள்ளை ஒருமுறை அதில் கை வைத்து ஒரு முழு ஃபைலையும் அழித்திருக்கிறான். அவனுக்கும் அது ஞாபகம் வந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"கை நின்னாத்தானே பெருக்குது?" என்றாள்.

"ஆமா."

"நிக்காது."

இடது கையால் அம்பு விசைகளைத் தட்டத் தொடங்கினாள். ஓர் எழுத்து வலது, ஓர் எழுத்து இடது. குரல் இரண்டே எழுத்தை மாற்றி மாற்றிச் சொன்னது: ள, வு, ள, வு, ள, வு. எதையும் மாற்றாத தட்டல்தான். ஆனால் யாரோ வேலை செய்கிறார்கள் என்று நினைத்துத் துடைப்பம் மூலையில் சாய்ந்தே கிடந்தது. ஒரு காதில் அந்தக் குரல். ஹெட்போனை ஒதுக்கிய மறுகாதில் தம்பியின் ஃபோன்.

அங்கே நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது. தம்பி கூட்டத்தைப் பிளந்துகொண்டு கேட்டுக்கு வந்து சேர்ந்து, சுழலும் கம்பிகளின் நடுவே உடம்பைச் செருகிக்கொண்டான். "பின்னால போங்க! இடமில்ல! மேடை சாயுது!" முன்னால் நின்ற ஒரு பெண் புரிந்துகொண்டு திரும்பப் பார்த்தாள், திரும்ப இடமில்லை. பின்னால் இருந்தவர்கள், "பச்சை எரியுதுல்ல, ஏன்யா மறிக்கிறே?" என்றார்கள். பச்சை எரிந்தது. அதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே உண்மை.

"அக்கா, எவ்வளவு நேரம்?"

"இதோ."

"இதோன்னா?"

அவள் பேசுவதை நிறுத்தினாள். பேசினால் கை தயங்கும் என்று பயம். தேடல். 'பெயர், கேட் ஆறு.' கீழ். 'நிலை, திறப்பு.' கீழ். 'அளவு, இருநூறு.' அழிக்கப் போனவள் அழிக்காமல் மறுபடி மேலே போனாள். மேல், மேல். 'கேட் ஆறு.' நம்பிக்கை வரவில்லை. ஒருமுறை நம்பித்தானே இப்படி ஆயிற்று? கீழ், கீழ். அழித்தாள். ஆறு. சைபர்.

"ஆறுலதான் இருக்கு" என்றான் மாப்பிள்ளை. "சேவ் பண்ணுங்க. சேவ்."

சேவ்.

ஃபோனில் பெரிய சத்தம். உலோகம் உராய்கிற மாதிரி, அதன்மேல் ஒரு கூட்டம் ஒரே குரலில் அலறுகிற மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

இடது கை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. ஆறு, சைபர், ஆறு, சைபர்.

"கூப்பிடுங்க அவனை" என்றாள்.

மாப்பிள்ளை கூப்பிட்டான். "எடுக்கல."

"அஞ்சைத் திறக்கணும். அஞ்சைத் திறந்தாத்தான் கூட்டம் அந்தப் பக்கம் போகும்." மறுபடி தேடினாள். 'பெயர், கேட் ஐந்து.' கீழ், கீழ். 'அளவு, அறுபது.' மேலே போய்க் கேட்டாள். கீழே வந்தாள். இருநூறு. சேவ்.

"கூப்பிடுங்க."

"எடுக்கல அக்கா."

"மறுபடி கூப்பிடுங்க."

துறை அலுவலகத்தின் எண் கிடைக்கவில்லை. படகு நிறுவனத்தின் எண்ணில் ஒரு பதிவுக் குரல், தங்கள் அழைப்பு மிகவும் முக்கியம் என்று நிதானமாகச் சொன்னது. அலுவலகத்தில் மற்றவர்கள் எழுந்து வந்து மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவளுக்கு அவர்கள் மூச்சு கேட்டது. யாரோ முதுகில் கை வைத்தார்கள். அவள் தோளை உதறினாள்.

கடைசியில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

"அக்கா."

அவள் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சிவப்பு போட்டுடுச்சு. கம்பி இறுகினதும் தள்ள முடியல, எல்லாரும் நின்னுட்டாங்க. அப்புறம் அஞ்சு பச்சையாச்சு, அந்தப் பக்கம் போயிட்டாங்க. உள்ள இருந்தவங்களைப் படகுல ஏத்தி இறக்கிட்டோம். மிதவை ஒரு பக்கம் தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஆள் யாரும் விழல. என் ஃபோன் விழுந்துடுச்சு."

"உனக்கு?"

"தோள்பட்டை. கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. அசைக்க முடியல."

"டேய்..."

"அழாதே. நான் சொல்றதைக் கேளு. நீ குறைச்சாச்சுன்னு சொன்னே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கேட்டை விட்டுப் போனேன். வேற யார் சொல்லியிருந்தாலும் நின்னு பாத்திருப்பேன்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னான்.

தோள் எலும்பு விலகியிருந்தது. தம்பி தூளிக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த நாட்களில் அவள் போய்ப் பார்த்தாள். பேசினான், சிரித்தான், வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவள் எடுக்கப் போனால் பேச்சை மாற்றினான். உடன்பிறந்தவர்களுக்குத் தெரிந்த தண்டனை அது.

விசாரணை நடந்தது. மாப்பிள்ளை எழுந்து நின்று, தான் எழுதிய கருவி என்றான். ரேடியோ, தான் அடித்த எண் என்றாள். அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை மேலே போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்றாள். சுமையை இருவரும் பங்குபோட்டுக்கொண்டதில் விசாரித்தவர்களுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

"எறிய வேண்டாம்" என்றாள் அவள். "ஃபைல் சுத்தமாத்தான் இருக்கணும். என்னை நகர்த்தக் கூடாது, அவ்வளவுதான்."

இருவரும் உட்கார்ந்து மறுபடி எழுதினார்கள். கர்சர் நிற்கும் எழுத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆணி அடித்தார்கள். மேலே எத்தனை வரி கூடினாலும் குறைந்தாலும் எழுத்தோடு சேர்ந்து ஆணியும் போகும், ஆணியோடு கர்சரும் போகும். திருத்தங்களைக் கீழிருந்து மேலாகச் செய்ய வைத்தார்கள். மேலே கைவைத்தால் கீழே காத்திருக்கும் இடங்கள் எல்லாம் புரண்டுபோகும், கீழே கைவைத்தால் மேலே ஒன்றும் ஆகாது. மாப்பிள்ளை ஃபைல் முழுவதையும் புரட்டி அடித்துவிட்டு, "இப்போ ஓட்டினேன் அக்கா" என்றான்.

"எப்போ?"

"இப்பதான். நூறு வரி மேல சேர்ந்துடுச்சு." அவன் குரலில் பெருமை.

ஆறாம் கேட்டில் நின்றிருந்தவள் அம்பைத் தட்டினாள். ஆறாம் கேட். மேலே. ஆறாம் கேட். எல்லாம் சரி. இருந்தும் தலையை ஆட்டினாள். "எனக்குத் தெரியணும்."

"தெரியாம பண்றதுதானே அக்கா இதோட அழகே?"

அவள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பொருளையும் நகர்த்தலாம். சொல்லிவிட்டு நகர்த்த வேண்டும். குளிர்பெட்டி பழுதுபார்க்கும் அவள் கணவர் அதை வாரம் ஒருமுறையாவது மீறுவார். அன்று காலையில்கூட முக்காலியில் இடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இதை எப்போ நகர்த்தினீங்க?"

"நகர்த்தலம்மா. அதுவா நகர்ந்திருக்கும்."

"அதுக்குக் கால் முளைச்சிருக்கா?"

"மூணு இருக்கே."

மாப்பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "அழகெல்லாம் உங்களுக்கு. எனக்கு ஒரு டிக் சத்தம் போதும்" என்றாள். மேலே வரி கூடினால் ஒரு டிக், குறைந்தால் இரண்டு. அவன் முனகிக்கொண்டே சேர்த்தான்.

தம்பி வேலைக்குத் திரும்பியபோது ஆறாம் மிதவைக்குப் புதுச் சங்கிலி போட்டிருந்தார்கள். மறுபடி கூட்டத்தை விடும் முன் ஒரு சோதனை வேண்டும் என்று துறையில் கேட்டார்கள். காற்றில்லாத ஒரு காலை. ரேடியோ ஃபைலைத் திறந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை தொடர்ந்து துடைப்பத்தை ஓட்டிக்கொண்டே இருந்தான். அவள் வேண்டுமென்றே இடையிடையே கையை எடுத்து வைத்தாள். டிக், டிக். ஆறாம் கேட்டின் அளவை சைபர் ஆக்கிச் சேவ் செய்தாள். தம்பியைக் கூப்பிட்டாள்.

"குறை..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மறுமுனையில் அவன் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பு அவளுக்குப் புரிந்தது.

"நான் சேவ் பண்ணிட்டேன்" என்றாள். "ஆச்சா இல்லையான்னு நீ சொல்லு."

செருப்புச் சத்தம். கேட் பக்கம் நடக்கிறான். சட்டைப் பையிலிருந்து ஊழியர் அட்டையை எடுக்கிறான், சரியாகாத தோளோடு மெதுவாக. கேட்டின் பொறியில் அட்டை உரசும் ஒலி. பிறகு கம்பியில் அவன் உடம்பு மோதி நிற்கும் ஒலி. இன்னொரு முறை மோதினான், இம்முறை பலமாக. மூன்றாவது முறையும் மோதினான்.

"என்னை உள்ள விட மாட்டேங்குது அக்கா."

"நல்லா தள்ளிப் பாத்தியா?"

"தள்ளிட்டேன். வலிக்குது."

"சரி. அங்கேயே நில்லு" என்றாள் ரேடியோ. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.